விருப்பப் பாட ஒதுக்கீடு: இடம் காலியாக இருந்தும் 23 பேருக்கு ஏன் கிடைக்கவில்லை?

(இணைய மன்ற உரையாடல் இது. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

தேர்வுப்பட்டியல் (கேள்வி)

ஒரே வகுப்பில் 180 மாணவர்கள், எட்டு விருப்பப் பாடங்கள். ஒவ்வொருவரும் நான்கு பாடங்களைத் தரவரிசைப்படி கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு கிடைக்க வேண்டும்: பிளாக் 1-ல் ஒன்று, பிளாக் 2-ல் ஒன்று (பிளாக் என்பது கால அட்டவணையில் ஒரே நேரத்தில் நடக்கும் பாடங்களின் தொகுதி). இடங்கள் இப்படி:

பிளாக் 1: கணினி அறிவியல் 48 (இரண்டு பிரிவு), பொருளியல் 48 (இரண்டு பிரிவு), புவியியல் 30, புள்ளியியல் 30, காண்கலை 24.

பிளாக் 2: உளவியல் 60 (இரண்டு பிரிவு), பொருளியல் 48 (இரண்டு பிரிவு), புள்ளியியல் 30, கணினி அறிவியல் 24, இசை 24, உணவியல் 24.

மொத்தம் 390 இடம், தேவை 360. முப்பது இடம் மிச்சம் இருக்கிறதே என்று நம்பி ஒதுக்கீட்டு மென்பொருளை ஓட்டினால், 157 பேருக்கு இரண்டு பாடமும் கொடுத்துவிட்டு 23 பேரை 'ஒதுக்கப்படவில்லை' என்று சிவப்பில் காட்டுகிறது. இந்த 23 பேருக்கும் பிளாக் 2-ல் பாடம் கிடைத்திருக்கிறது, பிளாக் 1 மட்டும்தான் வெறுமை. ஆனால் பிளாக் 1-ல் புவியியலில் 14, காண்கலையில் 5, புள்ளியியலில் 4 என 23 இடம் காலியாகவே கிடக்கிறது. மென்பொருளில் பிழையா, என் அமைப்பில் பிழையா? இன்னொரு முறை ஓட்டினாலும் அதே 23 பேர்தான் வருகிறார்கள்.

கட்டமும்_கோடும்

390 என்ற கூட்டுத்தொகைதான் ஏமாற்றுகிறது. பிளாக் வாரியாகக் கூட்டிப் பாருங்கள்: பிளாக் 1-ல் 180, பிளாக் 2-ல் 210. மிச்சம் இருக்கிற முப்பதும் பிளாக் 2-ல்தான். பிளாக் 1-ல் 180 பேருக்குச் சரியாக 180 இடம். அதாவது புவியியலின் 30 இடமும் நிரம்பினால்தான் எல்லாருக்கும் இடம். புவியியலைப் பட்டியலில் எங்காவது எழுதியவர்களே 30 பேர் இருக்கிறார்களா? இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் முடியாது.

அடுத்து, உளவியல், இசை, உணவியல் மூன்றும் பிளாக் 2-ல் மட்டும்தான் இருக்கின்றன. ஒரு மாணவி இந்த மூன்றையும் எழுதி நான்காவதாகக் கணினி அறிவியல் போட்டிருந்தால், பிளாக் 1-ல் அவளுக்கு இருக்கிற ஒரே வழி கணினி. அவள் அதை நான்காவதாகத்தான் கேட்டிருக்கிறாள், ஆனால் அது இல்லாவிட்டால் அவளுக்கு வேறு எதுவுமே இல்லை. இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் முதலில் தெரிய வேண்டிய எண்.

எக்செலில் கண்டுபிடிக்கலாம். ஓரமாக ஒரு நெடுவரிசையில் பிளாக் 1-ன் ஐந்து பாடப் பெயர்களை எழுதுங்கள். மாணவர் பட்டியலில் 'பிளாக் 1 வழிகள்' என்று புதிய நெடுவரிசை போட்டு, அவருடைய நான்கு விருப்பங்களில் எத்தனை அந்த ஐந்தில் இருக்கின்றன என்று கவுண்டிஃப் (COUNTIF) சார்பை சம்ப்ராடக்டுக்குள் (SUMPRODUCT) வைத்து எண்ணுங்கள். 0 வந்தால் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்க வழியே இல்லை. 1 வந்தால் கட்டாயக்காரர். 1 வந்தவர்களை மட்டும் வடிகட்டி, அந்த ஒரே பாடம் எது என்று பாடவாரியாக எண்ணிப் போடுங்கள். பிறகு பேசலாம்.

தேர்வுப்பட்டியல்

எண்ணிவிட்டேன். 0 வந்தவர் 2. 1 வந்தவர் 74: கணினி மட்டும் 61, புள்ளியியல் மட்டும் 7, பொருளியல் மட்டும் 6. மற்ற 104 பேருக்கு இரண்டோ அதற்கு மேலோ வழி இருக்கிறது. புவியியலை எழுதியவர்கள் மொத்தமே 21 பேர்.

ஆக, கணினியில் 61 பேருக்கு 48 இடம், 13 பேர் வெளியே. புவியியலில் நிரம்பவே முடியாத இடம் 9. இரண்டையும் கூட்டினால் 22, கிட்டத்தட்ட 23. மென்பொருள் மேல் தப்பில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கட்டமும்_கோடும்

கூட்டக் கூடாது சார். எண் அருகருகே வந்தது தற்செயல்.

புவியியல் கணக்கு சொல்வது இதுதான்: பிளாக் 1-ல் அதிகபட்சம் 48 + 48 + 21 + 30 + 24 = 171 பேர்தான் உட்கார முடியும், ஆகவே குறைந்தது 9 பேர் வெளியே. கணினிக் கணக்கு சொல்வது: குறைந்தது 13 பேர் வெளியே, 0 வந்த இருவரையும் சேர்த்தால் 15. இந்த 15 பேர் வெளியே நிற்கும்போதே அந்த 9 அதற்குள் அடங்கிவிடுகிறது. சரிபார்க்க: கணினிக் கட்டாயக்காரர் 61, வழியே இல்லாதவர் 2 போக மீதி 117 பேர். கணினியை விட்டுவிட்டால் மற்ற பாடங்களில் நிரம்பக்கூடியவை 123 இடம். 117 பேர் 123-க்குள் அடங்க வாய்ப்பு இருக்கிறது. ஆக இப்போதைய பட்டியலுக்குத் தவிர்க்க முடியாதது 15. உங்களுக்கு வந்தது 23. அந்த 8 பேர் ஒதுக்கும் முறையால் வெளியே போனவர்களாக இருக்க நல்ல வாய்ப்பு.

(ஒரு குழுவினர் ஏற்கும் இடங்களை எல்லாம் சேர்த்தாலும் குழுவைவிடக் குறைவாக இருந்தால் எல்லாருக்கும் இடம் கிடைக்காது. அப்படி எந்தக் குழுவும் இல்லையென்றால் நிச்சயம் கிடைக்கும். கணிதவியலாளர் பிலிப் ஹால் 1935-ல் நிறுவியது இது. பட்டன் அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இதைவிட வேறு இல்லை.)

குலுக்கல்

அந்த 8 பேர் எங்கே போனார்கள் என்று பார்க்க, ஒதுக்கீட்டு அமைப்பில் 'ஒதுக்கும் முறை' என்ன என்று பாருங்கள். இரண்டாம் முறை ஓட்டினாலும் அதே 23 பேர் வருகிறார்கள் என்பதை வைத்துச் சொன்னால், வரிசைப்படி ஒதுக்குகிற முறையாக இருக்க வாய்ப்பு அதிகம். சேர்க்கை எண் வரிசை, அல்லது படிவம் வந்து சேர்ந்த நேர வரிசை.

வரிசைமுறை என்ன செய்யும்? இரண்டு பிள்ளைகள், கணினியில் ஒன்று, புள்ளியியலில் ஒன்று என இரண்டு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளைக்குக் கணினி முதல் விருப்பம், புள்ளியியல் இரண்டாவது. இரண்டாம் பிள்ளைக்குக் கணினி மட்டும். வரிசைமுறை முதல் பிள்ளைக்குக் கணினியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். இரண்டாம் பிள்ளையிடம் வரும்போது புள்ளியியல் காலி, ஆனால் அவனால் எடுக்க முடியாது. திரும்பிப் போய் முதல் பிள்ளையை நகர்த்தும் வழக்கம் இந்த முறைக்குக் கிடையாது. உங்கள் காலி இடங்களும் சிவப்புப் பெயர்களும் ஒரே நேரத்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு முறை இருக்கும்: 'முதல் விருப்பம் முதலில்'. எல்லாருடைய முதல் விருப்பத்தையும் நிரப்பிவிட்டு, மிச்சத்தில் இரண்டாம் விருப்பம், அப்படியே மூன்று, நான்கு. முதல் விருப்பம் கிடைத்தவர் எண்ணிக்கை அழகாக வரும், அறிக்கையில் போட நன்றாக இருக்கும். ஆனால் முதல் விருப்பத்தில் தோற்றவன் இரண்டாம் சுற்றுக்கு வரும்போது அவன் இரண்டாவதாகக் கேட்ட பாடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். ஆகவே உண்மையை எழுதினவன் நஷ்டப்படுவான், கணக்குப் போட்டு எழுதினவன் தப்பித்துக்கொள்வான். பாஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகள் மாணவர் சேர்க்கையில் இதே முறையை வைத்திருந்து, இந்தக் காரணத்துக்காகவே 2005-ல் கைவிட்டன. அதற்குப் பதிலாக அவர்கள் எடுத்துக்கொண்டது கணிதவியலாளர்கள் கேலும் ஷாப்லியும் 1962-ல் எழுதிய முறை: கடைசிச் சுற்று முடியும்வரை எந்த இடமும் உறுதி கிடையாது. உங்கள் நிலையில் அது பெரிதாக உதவாது. பாடங்கள் மாணவர்களை வரிசைப்படுத்துவதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே குலுக்கல் எண்தான் என்றால், ஒரு பிளாக்குக்குள் அது குலுக்கல் வரிசையில் ஒதுக்குவதோடு ஒன்றாகிவிடும்.

உங்களுக்கு வேண்டியது மூன்றாவது முறை: எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்த்து மொத்தச் செலவைக் குறைப்பது (செலவு என்றால் கொடுத்த விருப்பத்துக்கு நாம் வைக்கும் தர மதிப்பு, கீழ் விருப்பத்துக்கு அதிகம்). சில மென்பொருள்களில் இது 'சிறந்த பொருத்தம்' மாதிரியான பெயரில் ஒளிந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் தர மதிப்பு கேட்கும். 1, 2, 3, 4 என்று விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு முதலாவதும் இன்னொருவருக்கு நான்காவதும் கொடுத்தால் 5. இரண்டாவதும் மூன்றாவதும் கொடுத்தாலும் 5. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். 1, 4, 9, 16 என்று போட்டால் முதலாவது 17, இரண்டாவது 13. கடைசி விருப்பத்தை யார் தலையிலாவது கட்டும் பழக்கம் குறையும்.

'ஒதுக்கப்படவில்லை' என்பதற்கும் ஒரு செலவு கேட்கும். இதை 20 என்று சின்னதாக வைத்தால், ஒருவரை உள்ளே கொண்டுவர ஏழு பேரை முதல் விருப்பத்திலிருந்து இரண்டாவதுக்கு நகர்த்த வேண்டிய இடத்தில் (7 × 3 = 21) மென்பொருள் அவரை வெளியிலேயே விட்டுவிடும். 10,000 வையுங்கள். 360 ஒதுக்கீடும் நான்காம் விருப்பமாகவே போனாலும் 360 × 16 = 5,760 தான். எவரையும் வெளியே விடுவது லாபமாகாது.

அடைப்புக்குறி

எண்களுக்குப் போவதற்கு முன் தரவைச் சுத்தம் பார்த்தீர்களா? இந்த 0 வந்த இருவர் பற்றிச் சந்தேகம் இருக்கிறது. நான்கு வெவ்வேறு பாடங்களை ஒழுங்காக எழுதிய ஒருவருக்கு 0 வரவே முடியாது, ஏனென்றால் பிளாக் 2-ல் மட்டும் இருக்கும் பாடங்கள் மூன்றுதான். ஆகவே அவர்கள் காலியாக விட்டிருக்க வேண்டும், ஒரே பாடத்தை இரண்டு முறை போட்டிருக்க வேண்டும், இல்லை பாடப் பெயர் பொருந்தவில்லை.

பெயர் பொருந்தாமல் போவதற்குத் தமிழில் ஒரு தனி வழி இருக்கிறது. 'பொருளியல்' என்பதில் 'ொ' என்ற குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிடும்போது வேறாகிவிடலாம். கைப்பேசியில் தட்டியதும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியதும் கலந்தால் இது நடக்கும். சந்தேகமான இரண்டு கட்டங்களிலும் 'லென்' (எத்தனை குறிகள் என்று எண்ணும் எக்செல் சார்பு) போட்டுப் பாருங்கள். எண் வேறானால் இதுவோ, கடைசியில் ஒட்டிய இடைவெளியோ. 'டிரிம்' சாதாரண இடைவெளியை எடுக்கும், இணையப் பக்கத்திலிருந்து வந்த உடையா இடைவெளியை எடுக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: பாடப் பெயரையே ஒப்பிடாதீர்கள், 101, 102 என்று குறியீடு கொடுங்கள். படிவத்திலும் தட்டச்சு வேண்டாம், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விடுங்கள்.

சேர்க்கை எண் 00417 என்று தொடங்கினால், சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) நேரடியாக இரண்டு கிளிக்கில் திறக்கும்போது எக்செல் அதை 417 ஆக்கிவிடும், சேமித்தால் போனது போனதுதான். 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக எடுத்து, அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். அங்கேயே குறியாக்கம் 65001 (யுடிஎஃப்-8) என்று தேர்ந்தால் தமிழ்ப் பெயர்கள் கோழி கிளறினதுபோல் வராது.

ஒரே பிள்ளை இரண்டு முறை படிவம் அனுப்பியிருந்தால் கடைசி நேரமுத்திரை உள்ள வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் படிவத்தில் தரவரிசை கேட்க 'மல்டிபிள் சாய்ஸ் கிரிட்' போட்டிருந்தால் இரண்டு அமைப்பு வேண்டும்: ஒவ்வொரு வரிக்கும் பதில் கட்டாயம், ஒரு நெடுவரிசைக்கு ஒரே பதில். வரிகள் 'முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம்…', நெடுவரிசைகள் பாடங்கள். மாற்றிப் போட்டால், அதாவது பாடங்களை வரியில் வைத்தால், 'கட்டாயம்' என்றவுடன் எட்டுப் பாடத்துக்கும் தரம் கேட்கும்.

குலுக்கல்

அடைப்புக்குறி சொன்னதோடு ஒன்று. செலவைக் குறைக்கும் முறைக்கு மாறினீர்கள் என்றால் காலி விருப்பங்களை அனுமதிக்கவே கூடாது. மேலே சொன்ன இரண்டு பிள்ளைகள் உதாரணத்தைத் திரும்பப் பாருங்கள்: இந்த முறையில் 'கணினி மட்டும்' என்று எழுதினவனுக்குக் கணினி கிடைக்கும், இரண்டு எழுதினவன் புள்ளியியலுக்கு நகர்த்தப்படுவான். இது வெளியே தெரிந்தால் அடுத்த வருடம் எல்லாரும் ஒன்றே ஒன்று எழுதுவார்கள். நான்கும் கட்டாயம், அதில் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் குறைந்தது இரண்டு என்று படிவத்திலேயே விதி வையுங்கள். உங்கள் 61 பேர் சிக்கல் இந்த ஒரு விதி இருந்திருந்தால் வந்தே இருக்காது.

தேர்வுப்பட்டியல்

0 வந்த இருவரும் இசை, உணவியல் என்று இரண்டை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டவர்கள். முறை 'சேர்க்கை எண் வரிசை' என்றுதான் இருந்தது. 'சிறந்த பொருத்தம்' இருக்கிறது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பிளாக்குக்கு மட்டும் ஓடுகிறது.

கணினிக்கு பிளாக் 1-ல் மூன்றாம் பிரிவு தொடங்கலாம் என்று பார்த்தால் ஆய்வகம் இரண்டுதான். படிவத்தைத் திரும்பக் கேட்க அனுமதி இல்லை. வேறு வழி?

கட்டமும்_கோடும்

அந்த 61 பேரும் மற்ற மூன்று இடங்களை உளவியல், இசை, உணவியலில்தான் எழுதியிருக்க வேண்டும், வேறு வழி இல்லை. அப்படியானால் கணினியைத் தொடாமல், உளவியலின் ஒரு பிரிவை (30) பிளாக் 1-க்கு நகர்த்துங்கள், புவியியலை (30) பிளாக் 2-க்கு அனுப்புங்கள். பிளாக் கூட்டுத்தொகை அப்படியே 180, 210. ஆனால் இப்போது அந்த 61 பேருக்கும் பிளாக் 1-ல் கணினி, உளவியல் என்று 78 இடம் திறக்கிறது. உளவியலின் இரண்டு பிரிவும் இனி ஒரே நேரத்தில் நடக்காது என்பதால் ஆள் பற்றாக்குறையும் குறையலாம்.

180-க்கு 180 என்ற இறுக்கம் ஆகாது. வகுப்பறை தாங்கினால் பிளாக் 1 புள்ளியியலை 30-லிருந்து 34 ஆக்குங்கள். நான்கு இடம் சின்னதாகத் தெரியும், நகர்த்த இடமே இல்லாத பிளாக்கில் அது நிறைய. உச்சவரம்பைப் பாட அளவில் மட்டும் மாற்றினால் போதாது, பிரிவு அளவிலும் மாற்ற வேண்டும். இரண்டில் எது குறைவோ அதைத்தான் மென்பொருள் எடுக்கும்.

நஷ்டமும் உண்டு. புவியியலும் இசையும், புவியியலும் உணவியலும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு இனி இரண்டும் ஒரே பிளாக். இப்படி எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். எட்டுப் பாடத்துக்கு 28 இணைகள்தான் வரும். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு ஒவ்வொரு இணையையும் முதல் இரண்டு விருப்பமாகக் கேட்டவர் எண்ணிக்கையை நிரப்பினால் எந்தப் பாடங்கள் ஒரே பிளாக்கில் வரக் கூடாது என்பது கண்ணுக்குத் தெரியும். பிளாக்கை முடிவு செய்வதற்கு முன்னால் போட வேண்டிய கட்டம் இது. நடைமுறையில் யாரும் போடுவதில்லை.

நிரல்நேரம்

ஒவ்வொரு பிளாக்காகத் தனித்தனியே ஓட்டுவது கொஞ்சம் ஆபத்து. பிளாக் 2-ல் கணினி வாங்கினவருக்கு பிளாக் 1-லும் கணினி கொடுக்கப் பார்க்கும், அல்லது அதைத் தவிர்க்க வழி இல்லாமல் வெளியே விடும். அந்த மென்பொருளுக்கு வெளியே ஓட்டினால் இரண்டு பிளாக்கையும் சேர்த்தே தீர்க்கலாம்.

எக்செலோடு வரும் சால்வர் (சிறந்த விடையைத் தேடும் கருவி) வேண்டாம், அதன் வரம்பு 200 மாறிகள். உங்களுக்கு 180 மாணவர் × 11 (பிளாக் 1-ல் 5, பிளாக் 2-ல் 6) = 1,980. ஓப்பன்சால்வர் என்ற இலவசச் செருகியில் இந்த வரம்பு இல்லை. பைத்தான் தெரிந்தால் பல்ப் நூலகம். அதை சிபிசி என்ற இலவசத் தீர்வியோடு (விடையைக் கணக்கிடும் நிரல்) ஓட்டலாம். நான்கு விதி எழுதினால் போதும்: ஒரு மாணவருக்கு ஒரு பிளாக்கில் அதிகபட்சம் ஒன்று, ஒரே பாடம் இரண்டு பிளாக்கிலும் கூடாது, பாட உச்சவரம்பு, எழுதாத பாடம் கொடுக்கக் கூடாது. விடுபட்ட ஒவ்வொரு பிளாக்குக்கும் 10,000. இந்த அளவுக்குச் சில வினாடிதான் ஆகும்.

ஒன்று கவனம். ஒரே செலவில் பல விடைகள் இருக்கும்போது தீர்வி பட்டியலில் மேலே இருப்பவருக்குச் சாதகமாகச் சாயலாம். ஓட்டுவதற்கு முன் மாணவர் வரிசையைக் குலுக்குங்கள். எக்செலில் 'ரேண்ட்' போட்டால் ஒவ்வொரு கட்டம் திருத்தும்போதும் எண் மாறும். உடனே நகலெடுத்து 'மதிப்பு மட்டும்' ஒட்டி, அந்தக் கோப்பைத் தேதியோடு சேமியுங்கள். 'ரேண்ட்பிட்வீன்' வேண்டாம், ஒரே எண் இரண்டு பேருக்கு வரலாம்.

தேர்வுப்பட்டியல்

உளவியல்–புவியியல் மாற்றம் செய்து, புள்ளியியலை 34 ஆக்கி, ஓப்பன்சால்வரில் ஓட்டினேன். இப்போது வெளியே இருப்பவர் 2, காலியாக விட்ட அதே இருவர். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக் கையால் போட்டுவிடலாம். புவியியலும் இசையும் சேர்த்துக் கேட்ட 3 பேருக்கு ஒன்று மட்டும் கிடைத்தது.

முடிவை மென்பொருளுக்குள் ஏற்றும்போது வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

குலுக்கல்

ஏற்றியதும் எல்லா வரியையும் பூட்டுங்கள். பூட்டாமல் அந்த இருவருக்காக மறுபடி 'ஒதுக்கு' அழுத்தினால், பழைய சேர்க்கை எண் வரிசையில் எல்லாரையும் புதிதாகக் கலைத்துப்போடும். பூட்டிய இடங்களை உச்சவரம்பில் கழிக்கிறதா என்றும் பாருங்கள். சில மென்பொருள் கழிக்காது. 34 பேர் பூட்டிய வகுப்பில் இன்னும் 34 பேரை ஏற்றிவிடும். ஒரு பாடத்தில் ஒருவரை மட்டும் பூட்டிவைத்துச் சோதனைப் பிரதியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் பிரிவு பிரிப்பு. கணினி 48 பேரை மென்பொருளையே இரண்டாகப் பிரிக்கச் சொன்னால், கட்டாயப் பாடப் பிரிவை ஒட்டி 31, 17 என்பதுபோலப் பிரித்துவைக்கலாம். பிரிவு எண்ணையும் உங்கள் கோப்பிலேயே கொடுத்து ஏற்றுங்கள், 24, 24.

மாற்றம் கேட்டு வருபவர்களுக்கு, சேமித்துவைத்த குலுக்கல் எண் வரிசையில் காத்திருப்புப் பட்டியல். காலி இடம் வந்தால் மட்டும் மேலிருந்து ஒவ்வொருவராக. அந்த 3 பேரைப் பட்டியலின் தலையில் வைக்கலாம். பிளாக்கை மாற்றியதால் வந்த நஷ்டம் அது, அவர்கள் எழுதியதில் தப்பில்லை.